சொந்தக் காசே கிடைக்காத ராஜா: எட்டாம் எட்வர்டும் 10 லட்சம் பவுண்டு சவரனும்

காலையில் மொபைலைத் திறந்ததும் தங்கம் விலை பார்க்கிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. சவரனுக்கு எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அந்தச் ‘சவரன்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரிட்டனின் ‘சாவரின்’ என்ற தங்கக் காசுதான் நம் வாயில் சவரன் ஆனது. அதன் முகமதிப்பு ஒரு பவுண்டு. அதனால் ‘பவுன்’ என்றும் சொல்கிறோம். காசின் எடை 7.98 கிராம். நாம் அதை முழுசாக 8 கிராம் என்று கணக்கு வைத்துக்கொண்டோம்.

அப்படிப்பட்ட ஒரே ஒரு சவரன் காசு, 2020 ஜனவரியில் 10 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. அன்றைய மதிப்பில் சுமார் 9 கோடி ரூபாய். அதில் வைரம் கிடையாது, கூடுதல் தங்கம் கிடையாது. வழக்கமான அதே 22 கேரட், அதே 22 மில்லிமீட்டர் அகலம்.

அப்புறம் ஏன் அவ்வளவு விலை? காசில் இருக்கும் முகம்தான் காரணம். அது எட்டாம் எட்வர்டின் முகம். காதலித்த பெண்ணுக்காக பிரிட்டன் மணிமுடியைத் துறந்த ராஜா. அவர் முகம் பொறித்த காசு பிரிட்டனில் ஒருநாள்கூடப் புழக்கத்துக்கு வரவில்லை. அதைவிட விசித்திரம், அவரே கேட்டும் அந்தக் காசு அவருக்குத் தரப்படவில்லை.

யார் இந்த எட்வர்டு?

1894 ஜூன் 23 அன்று, லண்டனை ஒட்டிய ரிச்மண்ட் பூங்காவில் உள்ள ஒயிட் லாட்ஜ் மாளிகையில் பிறந்தார். அப்போது அரியணையில் இருந்தவர் அவருடைய கொள்ளுப்பாட்டி விக்டோரியா மகாராணி. அப்பா பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆனவர், அம்மா ராணி மேரி. பிள்ளைக்கு வைத்த பெயர் எட்வர்டு ஆல்பர்ட் கிறிஸ்டியன் ஜார்ஜ் ஆண்ட்ரூ பேட்ரிக் டேவிட். இவ்வளவு நீளப் பெயரில் வீட்டில் கூப்பிட்டது கடைசிப் பெயரை மட்டும்தான்: டேவிட்.

ஆஸ்போர்ன், டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரிகளில் படித்தார். 1911 ஜூலையில் கேர்னார்வன் கோட்டையில் வேல்ஸ் இளவரசராக முறைப்படி பட்டம் சூட்டினார்கள். அடுத்த வருடம் ஆக்ஸ்போர்டில் மாடலன் கல்லூரி. பட்டம் வாங்காமலேயே கிளம்பிவிட்டார்.

முதல் உலகப் போர் வந்தபோது ராணுவத்தில் சேர்ந்தார். முன்னணிப் போர்முனைக்குப் போக வேண்டும் என்று கேட்டார். பட்டத்து இளவரசர் எதிரிகளிடம் பிடிபட்டால் என்ன ஆவது என்று போர்த்துறை அமைச்சர் கிச்சனர் மறுத்துவிட்டார். ஆனாலும் பதுங்குகுழிகள் வரை போய் வந்தது வீரர்களிடையே அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது.

போருக்குப் பிறகு பேரரசு முழுக்கச் சுற்றுப்பயணம். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று போன இடமெல்லாம் கூட்டம். இன்றைய மொழியில் சொன்னால் அவர் ஒரு குளோபல் செலிபிரிட்டி. அவர் போடும் கோட்டும் டையும் ஃபேஷன் ஆயின.

இந்தியாவில் மட்டும் கதை வேறு. 1921 நவம்பர் 17 அன்று பம்பாயில் வந்து இறங்கினார். அது ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம். வருகையைப் புறக்கணிக்கும்படி காங்கிரஸ் அழைப்பு விடுத்திருந்தது. பம்பாயில் கலவரம் வெடித்தது, காந்தி உண்ணாவிரதம் இருந்தார். 1922 ஜனவரியில் இளவரசர் மதராஸுக்கு வந்தபோது இங்கேயும் ஹர்த்தால், இங்கேயும் கலவரம்.

ராஜாவானதும் வந்த முதல் பஞ்சாயத்து: தலைமுடி வகிடு

1936 ஜனவரி 20 அன்று ஐந்தாம் ஜார்ஜ் இறந்தார். 41 வயதில் எட்வர்டு மன்னரானார். புது ராஜா வந்தால் புதுக் காசு அடிக்க வேண்டும். அப்போது லண்டனில் இருந்த அரசு நாணயச்சாலையான ராயல் மின்ட் வேலையைத் தொடங்கியது. அதை நடத்திய துணைத் தலைவர் ராபர்ட் ஜான்சன். 1937 ஜனவரி 1 முதல் புதுக் காசுகளைப் புழக்கத்தில் விடுவது என்பது திட்டம்.

இங்கே ஒரு பழைய வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சார்லஸ் காலம் தொட்டு, காசில் ஒரு மன்னர் ஒரு பக்கம் பார்த்தால் அடுத்து வருபவர் எதிர்ப்பக்கம் பார்ப்பார். விக்டோரியா இடப்பக்கம், ஏழாம் எட்வர்டு வலப்பக்கம், ஐந்தாம் ஜார்ஜ் இடப்பக்கம். அப்படியானால் எட்டாம் எட்வர்டு வலப்பக்கம்தான் பார்க்க வேண்டும்.

அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். அவருடைய தலைமுடி வகிடு இடப்பக்கம் இருந்தது. முகம் இடப்பக்கம் திரும்பினால் வகிடு தெரியும், பார்க்க நன்றாக இருக்கும். வலப்பக்கம் திரும்பினால் வெறும் முடிப் பரப்புதான் தெரியும் என்பது அவர் வாதம். செல்ஃபி எடுக்கும்போது நமக்குப் பிடித்த பக்கத்தைக் காட்டுகிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான்.

மின்ட் தரப்பு மரபைச் சொல்லி எடுத்துச் சொல்லிப் பார்த்தது. ராஜா இறங்கி வரவில்லை. கடைசியில் மின்ட்தான் இறங்கி வந்தது. சிற்பி டி. ஹம்ஃப்ரி பேஜெட் செதுக்கிய கிரீடம் இல்லாத, இடப்பக்கம் பார்க்கும் தலை முடிவானது. இரண்டரை நூற்றாண்டு வழக்கம் ஒரு வகிட்டுக்காக உடைந்தது.

சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் அந்த ஒரு வருடத்தில் அவர் நடந்துகொண்ட விதமே இதில் அடங்கியிருக்கிறது. முன்னோர் வகுத்த முறை என்பதற்காகவே எதையும் ஏற்க அவர் தயாராக இல்லை. அந்தக் குணம் காசு விஷயத்தில் ஜெயித்தது. அடுத்த விஷயத்தில் அரியணையையே கேட்டது.

புதுக் காசில் என்னவெல்லாம் இருந்தது?

எட்வர்டுக்காகத் தயாரானது ஒரு முழு வரிசை. சின்னக் காசான ஃபார்திங்கில் ரென் என்ற குட்டிப் பறவை. அரை பென்னியில் கோல்டன் ஹைண்ட் என்ற பாய்மரக் கப்பல். மூன்று பென்னிக்குப் பன்னிரண்டு பக்கம் கொண்ட, பித்தளை நிறத்தில் ஒரு புது வடிவம்.

தங்கத்தில் ஐந்து பவுண்டு, இரண்டு பவுண்டு, சவரன். பின்புறம் பழைய படமே. குதிரையேறிய புனித ஜார்ஜ் டிராகனைக் கொல்லும் காட்சி. இத்தாலியச் சிற்பி பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி 1817இல் வந்த சவரனுக்காகச் செய்தது. இன்றும் புதுச் சவரன்களில் அதைப் பார்க்கலாம்.

தங்கக் காசு அப்போதே கடையில் கொடுத்து வாங்கும் பணமாக இல்லை. முதல் உலகப் போரோடு பிரிட்டனில் தங்கக் காசுப் புழக்கம் ஓய்ந்துவிட்டது. 1931இல் தங்கத் தர முறையையும் பிரிட்டன் கைவிட்டது. ஆகவே 1937க்காகத் திட்டமிட்ட தங்கக் காசுகள் ‘புரூஃப்’ வகை. அதாவது பளபளவென்று மெருகேற்றிய அச்சில், சேகரிப்புக்காகத் தனிக் கவனத்துடன் அடிக்கும் காசுகள்.

மாதிரிகள் தயாராயின. மன்னர் அரசாணை பிறப்பிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த ஆணை வந்தால்தான் உலோகத் துண்டு பணமாகும்.

326 நாளில் முடிந்த ஆட்சி

எட்வர்டு 1931இல் வாலிஸ் சிம்ப்சன் என்ற அமெரிக்கப் பெண்ணைச் சந்தித்திருந்தார். வாலிஸுக்கு ஏற்கெனவே ஒருமுறை விவாகரத்து ஆகியிருந்தது. இரண்டாவது கணவர் எர்னஸ்ட் சிம்ப்சனுடன் லண்டனில் வாழ்ந்துகொண்டிருந்தார். நட்பு காதலானது. எட்வர்டு மன்னரான பிறகும் அது தொடர்ந்தது.

1936 அக்டோபர் 27 அன்று இப்ஸ்விச் நீதிமன்றத்தில் வாலிஸின் இரண்டாவது விவாகரத்துக்கு முதற்கட்டத் தீர்ப்பு கிடைத்தது. நவம்பர் 16 அன்று பிரதமர் ஸ்டான்லி பால்ட்வினை அழைத்து, வாலிஸைத் திருமணம் செய்யப்போவதாக எட்வர்டு சொன்னார்.

என்ன பிரச்சினை? மன்னர் என்பவர் இங்கிலாந்து திருச்சபையின் தலைவரும்கூட. முன்னாள் கணவர்கள் உயிரோடு இருக்கும்போது விவாகரத்தானவர் மறுமணம் செய்வதை அன்றைய திருச்சபை ஏற்கவில்லை. அரசி பட்டம் இல்லாமல் மனைவியாக மட்டும் இருக்கட்டும் என்று ஒரு சமரச யோசனை வந்தது. பிரிட்டன் அமைச்சரவையும் ஏற்கவில்லை, ஆஸ்திரேலியா, கனடா போன்ற டொமினியன் அரசுகளிடமும் ஆதரவு இல்லை. அமைச்சரவை சொல்வதை மீறி மன்னர் திருமணம் செய்தால் அரசு ராஜினாமா செய்யும். நாடே அரசியல் நெருக்கடியில் விழும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: டிசம்பர் தொடக்கம் வரை பிரிட்டன் மக்களுக்கு இது எதுவுமே தெரியாது. அமெரிக்கப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தபோது, பிரிட்டன் பத்திரிகைகள் தாங்களாகவே மௌனம் காத்தன. டிசம்பர் 3 அன்றுதான் செய்தி உடைந்தது. அடுத்த ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

டிசம்பர் 10 அன்று ஃபோர்ட் பெல்வெடியர் மாளிகையில் எட்வர்டு துறவு ஆவணத்தில் கையெழுத்திட்டார். மூன்று தம்பிகள் சாட்சி. மறுநாள் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. அன்றிரவு வானொலியில் நாட்டு மக்களிடம் பேசி, தான் விரும்பும் பெண்ணின் துணையில்லாமல் இந்தப் பொறுப்பைச் சுமக்க முடியாது என்று விளக்கினார். பிறகு போர்ட்ஸ்மவுத்திலிருந்து போர்க்கப்பலில் ஏறி பிரான்ஸுக்குப் போய்விட்டார்.

புதுக் காசு வெளியாக மூன்று வாரமே பாக்கி இருந்தது.

அடித்த காசெல்லாம் என்ன ஆச்சு?

அரசாணை வரவில்லை. எனவே எட்வர்டு காசுகள் சட்டப்படி பணமே ஆகவில்லை. மாதிரிகளாகவே நின்றுவிட்டன. ராயல் மின்ட் அவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, துணைத் தலைவரின் இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைத்தது. 1970 வரை அது அங்கேயே கிடந்தது.

தம்பி ஆறாம் ஜார்ஜ் மன்னரானார். அண்ணனுக்காகக் குறித்து வைத்திருந்த 1937 மே 12 என்ற முடிசூட்டு நாளே தம்பிக்கு ஆனது. ரென் பறவை, கப்பல், பன்னிரண்டு பக்கக் காசு என்று அண்ணனுக்காகத் தயாரித்த டிசைன்களும் தம்பிக்கே போயின. தலையைச் செதுக்கியவரும் அதே பேஜெட்தான்.

ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. ஆறாம் ஜார்ஜ் எந்தப் பக்கம் பார்ப்பார்? அண்ணன் பிடிவாதமாக இடப்பக்கம் பார்த்தார், ஆகவே தம்பி வலப்பக்கம் என்றுதானே வர வேண்டும்? இல்லை. எட்வர்டு மரபுப்படி வலப்பக்கமே பார்த்ததாக வைத்துக்கொண்டு, தம்பியை இடப்பக்கம் திருப்பினார்கள். காசு வரிசையில் ஐந்தாம் ஜார்ஜும் ஆறாம் ஜார்ஜும் அடுத்தடுத்து ஒரே பக்கம் பார்ப்பது அதனால்தான். நடுவில் ஒரு வலப்பக்க முகம் இருக்க வேண்டிய இடம் காலி. அடுத்து எலிசபெத் வலப்பக்கம், இப்போது மூன்றாம் சார்லஸ் இடப்பக்கம் என்று வழக்கம் தொடர்கிறது.

எட்வர்டின் தடயம் எங்குமே இல்லையா?

முற்றிலும் இல்லாமல் போய்விடவில்லை.

* தபால்தலை: 1936 செப்டம்பரில் அவர் முகத்துடன் நான்கு தபால்தலைகள் பிரிட்டனில் வெளியாயின. ஏராளமாக அச்சானதால் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன.
* ஓட்டைக் காசு: மேற்கு ஆப்பிரிக்கா, கிழக்கு ஆப்பிரிக்கா, ஃபிஜி போன்ற பிரிட்டிஷ் பகுதிகளில் நடுவில் துளையுள்ள சில்லறைக் காசுகள் 1936இல் அவர் பெயரில் வெளியாயின. அந்த வகைக் காசில் முகம் பொறிக்க இடமே கிடையாது, பெயர் மட்டும்தான். அதனால் முகம் முடிவாகும்வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை.
* கட்ச் வெள்ளிக் காசு: இன்றைய குஜராத்தில் இருந்த கட்ச் சமஸ்தானம் 1936இல் வெளியிட்ட கோரி என்ற வெள்ளிக் காசுகளில் எட்டாம் எட்வர்டின் பெயர் இருக்கிறது. இதிலும் முகம் இல்லை.
* மூன்று பென்னி: புது வடிவம் என்பதால், காசு போட்டு இயக்கும் இயந்திரங்களில் சரியாக விழுகிறதா என்று சோதிக்க எட்வர்டு முகத்துடன் சில மாதிரிகளை இயந்திரத் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அவற்றில் ஒரு சில திரும்பி வரவில்லை. இன்று அவை சேகரிப்பாளர்களின் கனவு.

தங்கத்தில் அவர் முகம்? சவரன் ஆறுதான் இருப்பதாக ராயல் மின்ட் சொல்கிறது. நான்கு அருங்காட்சியகங்கள், நிறுவனங்களின் கையில். இரண்டு மட்டுமே தனியாரிடம்.

அண்ணன் கேட்டார், தம்பி மறுத்தார்

பதவி துறந்த எட்வர்டுக்கு விண்ட்சர் கோமகன் என்ற பட்டம் கிடைத்தது. 1937 ஜூன் 3 அன்று பிரான்ஸில் உள்ள காண்டே மாளிகையில் வாலிஸைத் திருமணம் செய்தார். அரச குடும்பத்திலிருந்து யாரும் வரவில்லை. ‘மேன்மை தங்கிய’ என்ற அரச மரியாதை அடைமொழி எட்வர்டுக்கு உண்டு, மனைவிக்குக் கிடையாது என்று தம்பி ஆணையிட்டார். அந்தக் காயம் எட்வர்டுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

பணத் தகராறும் இருந்தது. சாண்ட்ரிங்ஹாம், பால்மோரல் மாளிகைகள் அப்பாவிடமிருந்து எட்வர்டுக்குத் தனிச் சொத்தாக வந்தவை. அரியணை போனாலும் அவை அவருடையவை. தம்பி அவற்றை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் எட்வர்டு தன் முகம் பொறித்த காசுத் தொகுப்பு ஒன்று வேண்டும் என்று கேட்டார். ஆறாம் ஜார்ஜ் மறுத்துவிட்டார். மாளிகைகளை விற்று வாங்கும் அளவுக்குக் கணக்கு வழக்கு நடந்த இரு சகோதரர்களுக்கு இடையே, எட்டு கிராம்கூட இல்லாத ஒரு காசு மட்டும் கைமாறவில்லை.

ஏன் மறுத்திருக்க வேண்டும்? மன்னர் தரப்பிலிருந்து யோசித்தால் அதில் ஒரு நியாயம் தெரிகிறது. காசில் முகம் என்பது வெறும் போட்டோ இல்லை. இந்த நாட்டை ஆள்பவர் இவர் என்ற அறிவிப்பு. பழைய ராஜா உயிரோடு, அதுவும் பிரபலமாக, பக்கத்து நாட்டில் இருக்கிறார். திக்குவாயோடு போராடிக்கொண்டு, கேட்காமலே அரியணையில் உட்காரவைக்கப்பட்டவர் தம்பி. 1937 என்ற தேதியோடு அண்ணன் முகத்தில் ஒரு சவரன் வெளியே போவதை அவர் எப்படி விரும்புவார்?

இவரைக் காதல் நாயகனாக மட்டும் பார்க்கலாமா?

எட்வர்டு கதையைக் காதலுக்காக எல்லாவற்றையும் விட்டவர் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது பல காலமாக நடக்கிறது. ஏல நிறுவனங்களுக்கும் அந்தக் கதைதான் வசதி. முழுப் படம் அவ்வளவு இனிமையானது இல்லை.

1937 அக்டோபரில், திருமணமான சில மாதங்களில், எட்வர்டும் வாலிஸும் நாஜி ஜெர்மனிக்குப் போனார்கள். ஹிட்லரை நேரில் சந்தித்தார்கள். அந்தப் புகைப்படங்களை நாஜி அரசு நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் எட்வர்டு எந்தப் பக்கம் சாய்வார் என்ற சந்தேகம் பிரிட்டன் அரசுக்குள் இருந்தது. 1940இல் அவரை பஹாமாஸ் தீவுகளின் ஆளுநராக்கி, அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்தார்கள். 1945 வரை அங்கே இருந்தார்.

அதற்குப் பிறகு பெரும்பாலும் பாரிஸ்தான். விருந்துகள், பயணங்கள், நினைவுக் குறிப்பு நூல். பதவி எதுவும் கிடைக்கவில்லை. 1972 மே 28 அன்று பாரிஸில் 77 வயதில் இறந்தார். உடல் இங்கிலாந்துக்கு வந்தது. விண்ட்சரில் உள்ள ஃப்ராக்மோர் அரச கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ராயல் மின்ட் பெட்டகத்திலிருந்த பெட்டி திறக்கப்பட்டு அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

1986இல் வாலிஸ் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய நகைகள் ஜெனீவாவில் ஏலம் போய் சுமார் 5 கோடி டாலர் ஈட்டின. பணம் பாரிஸில் உள்ள பாஸ்டர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனது. எட்வர்டு வாலிஸுக்காக வாங்கிய நகைகள் உலகம் முழுக்கச் சிதறின. அவர் தனக்காகக் கேட்ட காசு மட்டும் அவருடைய சொத்துகளில் இல்லவே இல்லை.

ஒரு தங்கக் காசு எப்படி ‘அரிது’ ஆகிறது?

பழசானாலே விலை ஏறும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நூறு வருடப் பழைய சவரன்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவை தங்க விலையை ஒட்டித்தான் விற்கின்றன. பிரிட்டன் தங்கக் காசுகளில் அரிதானவற்றைப் பார்த்தால் பொதுவாக மூன்று காரணங்கள் தெரியும்.

முதலாவது, அடித்ததே குறைவு. 1819ஆம் ஆண்டுச் சவரன் 3,574 மட்டுமே அடிக்கப்பட்டது. இன்று ஒன்று சந்தைக்கு வந்தாலே அது செய்தி.

இரண்டாவது, அடித்தது உருக்கப்பட்டது. 1257இல் மூன்றாம் ஹென்றி வெளியிட்ட தங்கப் பென்னி, அதிலிருந்த தங்கத்தின் மதிப்பைவிடக் குறைந்த முகமதிப்பில் இருந்ததால் பெரும்பாலும் உருக்கப்பட்டது. மிஞ்சியவை விரல்விட்டு எண்ணலாம். டெவன் பகுதி வயலில் ஒருவர் மெட்டல் டிடெக்டரால் கண்டெடுத்த ஒன்று 2022இல் 6,48,000 பவுண்டுக்கு விற்றது. 1917இல் லண்டனில் அடித்த சவரன்களும் இப்படித்தான். 10 லட்சத்துக்கு மேல் அடித்தும் பெரும்பகுதி உருக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது.

மூன்றாவது, வெளியே வரவே இல்லை. எட்வர்டின் காசுகள் இந்த ரகம். இதில்தான் விலை தலைசுற்ற வைக்கிறது. 2014இல் அவருடைய சவரன் ஒன்று லண்டனில் 5,16,000 பவுண்டுக்கு ஏலம் போனது. 2020இல் ஒன்று 10 லட்சம் பவுண்டு. 2021 மார்ச்சில் அவருடைய ஐந்து பவுண்டு தங்கக் காசு அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் ஏலத்தில் 22 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 16 கோடி ரூபாய். எடை? நம் கணக்கில் ஐந்து சவரன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விஷயம். அதே 1937இல், முடிசூட்டை ஒட்டி ஆறாம் ஜார்ஜ் முகத்துடன் தங்கக் காசுகள் வெளியாயின. அதே உலோகம், அதே எடை, அதே சிற்பி, பின்புறத்தில் அதே குதிரை. சுமார் 5,500 தொகுப்புகள். அவற்றுக்கும் சேகரிப்பாளர்களிடம் நல்ல விலை உண்டு. ஆனால் அண்ணன் காசின் பக்கத்தில்கூட வர முடியாது. 15 ஆண்டு ஆண்டவரின் காசைவிட, ஓராண்டுகூட முழுதாக ஆளாதவரின் காசுக்குத்தான் மவுசு.

ஆன்லைனில் எட்வர்டு காசு விற்கிறார்களே, வாங்கலாமா?

தேடிப் பார்த்தால் எட்வர்டு முகத்துடன் 1936, 1937 தேதியிட்ட காசுகள் சில ஆயிரம் ரூபாய்க்கே கண்ணில் படும். பெரும்பாலும் அவை பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தனியார் நிறுவனங்கள் நினைவுப் பொருளாக அடித்தவை. அலமாரியில் வைத்து ரசிக்கலாம், அவ்வளவுதான். ராயல் மின்ட் காசு என்று சொல்லி யாராவது விற்றால் உஷார்.

அசல் பிரிட்டிஷ் தங்கக் காசு சேகரிக்க ஆசை இருந்தால் சாதாரணச் சவரனில் தொடங்குவதே நல்லது. சில அடிப்படை விஷயங்கள்:

* எடை 7.98 கிராம், விட்டம் 22.05 மி.மீ. சின்ன டிஜிட்டல் தராசும் வெர்னியர் அளவுகோலும் போதும், மோசமான போலிகளை அங்கேயே பிடித்துவிடலாம்.
* விலை கூடுதலான காசு என்றால் என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தர நிர்ணய நிறுவனங்கள் சோதித்து, கண்ணாடிபோன்ற உறையில் அடைத்துத் தந்ததை மட்டும் வாங்குங்கள். உறையில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்திலேயே சரிபார்க்கலாம். உறையையே போலியாகச் செய்கிறவர்களும் இருப்பதால், தளத்தில் உள்ள படத்தோடு காசையும் ஒப்பிடுங்கள்.
* பழைய காசைப் பளபளப்பாக்கித் துலக்காதீர்கள். சேகரிப்பு மதிப்பு அங்கேயே இறங்கிவிடும்.
* தாத்தா பாட்டி காலத்துச் சவரன் வீட்டில் இருந்தால், உருக்கக் கொடுக்கும் முன் தேதியையும் சின்ன எழுத்து முத்திரையையும் பாருங்கள். 1918இல் பம்பாயிலும் சவரன் அடித்தார்கள். குதிரைக்குக் கீழே, தேதிக்கு மேலே, தரைக்கோட்டின் நடுவில் இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அந்த ஒரே ஆண்டு மட்டும்தான் அங்கே அடித்தார்கள்.

கடைசியாக

எட்வர்டு மன்னராகச் சாதித்த விஷயங்களைப் பட்டியல் போட்டால் அது ரொம்பச் சின்னதாக இருக்கும். நாணயச்சாலையோடு மல்லுக்கட்டி, தனக்குப் பிடித்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது அதில் ஒன்று. அதையும் மின்ட், தம்பியின் காசை அடித்தபோது நடக்காததாகவே கணக்கு வைத்துக்கொண்டது.

அவர் நல்ல மன்னராக இருந்திருப்பாரா? ஹிட்லரைச் சந்தித்த படங்களைப் பார்க்கும் பலர், போர்க்காலத்தில் அவர் அரியணையில் இல்லாததே பிரிட்டனின் அதிர்ஷ்டம் என்கிறார்கள். ஏல மேடையில் இந்தக் கேள்வி வருவதில்லை. அங்கே காசு ஆறுதான், வேண்டுபவர்கள் நிறைய. விலை அவ்வளவையும் சொல்லிவிடும். அந்த முகம் எப்படிப்பட்ட மனிதருடையது என்பதைச் சொல்லாது. அதை வாங்குபவர்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.